பூனை நீங்கலாக

வீடு வாங்கப் போறீங்களாட்ட இருக்குது. ஒட்டுக் கேக்கலைங்க கண்ணு, நீங்க ஃபோன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டுக் காதைப் பொத்திக்கவா முடியும்? சித்த அந்தப்பக்கம் நகந்துக்குங்க, பையை மடியில வெச்சுக்கறேன்.

புது வீடா, பழசா? பழசுங்களா. அப்ப நீங்க இதைக் கேட்டே ஆகணும்.

எல்லாரும் சுவரைப் பாப்பாங்க, தண்ணி வசதி பாப்பாங்க, வாஸ்து பாப்பாங்க. கக்கூஸ் கதவுல தாழ்ப்பாள் இருக்குதான்னு பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. நானும் பாக்கலை. பாத்தப்ப இருந்துச்சுங்க, அதான் விசயமே. பாக்கறப்ப இருக்கும், குடி போறப்ப இருக்காது.

எங்களுக்குக் காங்கயம். எங்க வீட்டுக்காரருக்குத் தேங்காயெண்ணெய் மில்லுல வேலை. கல்யாணம் ஆன நாள்லருந்து வாடகை வீடுதான். ஆணி அடிக்கறதுக்கும் ஒருத்தர்கிட்டக் கேக்கணும். அதுக்கோசரமே சொந்தமா ஒண்ணு வாங்கிரோணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். அப்பக் கருப்பணன்னு ஒரு புரோக்கர் வந்து, சென்னியப்பன்னு ஒருத்தர் வீடு விலைக்கு இருக்குது, அருமையான வீடுன்னார்.

சென்னியப்பன் யாருன்னா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரொம்ப வருசமா சைக்கிள் கடை வெச்சிருந்தவர். வயசானவர். சம்சாரம் போய்ச் சேந்துட்டாங்க. மகன் பூபதி ஊருக்கு அந்தக் கடைசியில புது சைட்டுல மாடி வீடு கட்டி, அப்பனைக் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. அதனால பழசை விக்கறாங்க.

நாங்க பாக்கப் போனப்ப அவரே ஃபேனைப் போட்டு, "காத்து எப்படி வருது பாருங்கம்மிணி"ன்னு காட்டுனார். குழாயைத் திருகிக் காட்டுனார். காலிங் பெல்லை அமுக்கிக் காட்டுனார். குருவி கத்தறாப்புல சத்தம் வந்துச்சு. ஒரு மஞ்சப் பூனை காலைச் சுத்திச்சு. "இவ பவுனு"ன்னார். நான் பூனையெல்லாம் கண்டுக்கறவ இல்லீங்க. சரிங்கன்னு சொல்லி வெச்சேன்.

பத்திரம் முடிஞ்சுது. சாமான் எடுக்கச் சித்த டைம் குடுங்கன்னார். குடுத்தோம். பால் காய்ச்சறதுக்கு மொத நாள் பொழுதோட, இருட்டற நேரத்துக்கு, கருப்பணன் சாவியைக் கொண்டாந்து குடுத்தார். ஆசையாக் கதவைத் தொறந்து சுவிட்சைப் போடறேன், லைட்டு எரியலை. கரண்டு இல்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அண்ணாந்து பாத்தா பல்பே இல்லை. பல்பு போகட்டும், அதை மாட்டற ஹோல்டர்கூட இல்லீங்க. ரெண்டு ஒயரு நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது.

ஃபேனு இல்லை. காலிங் பெல் இல்லை. கண்ணாடி இல்லை. துணி காயப்போடற கம்பி இல்லை, அதைக் கட்டியிருந்த கொக்கியும் இல்லை. குழாய் இருந்த எடத்துலயெல்லாம் மரக்கட்டையைச் செதுக்கி அடிச்சு வெச்சிருந்தார். அதுல ஒரு அக்கறை பாருங்க, தண்ணி ஒழுகிரக் கூடாதாம்.

தாழ்ப்பாள் போனது மறுநாள்தான் தெரிஞ்சுது. வெடியால பால் காய்ச்சு. வீடு நெறைய ஒறம்பரை, சொந்தபந்தம் பூரா. எங்க பெரியத்தை பாத்ரூமுக்குள்ள போனவங்க, தாழ்ப்பாளைத் தேடிப் பாத்துட்டு, வெளிய வர்ற வரைக்கும் சத்தமா முருகன் பாட்டுப் பாடுனாங்க. ஆள் இருக்குதுன்னு தெரியோணுமில்லீங்க. அதைப் பாத்து எல்லாரும் பாட ஆரம்பிச்சுட்டாங்க. எங்க நாத்தனா வீட்டுக்காரருக்குப் பாட்டு வராது, அவர் இருமிக்கிட்டே இருந்தார். விவரம் தெரியாத ஒரு அம்மா, "தம்பி, அந்த இருமலை டாக்டர்கிட்டக் காட்டுங்க"ன்னாங்க.

நான் சிரிக்கலைங்க. எனக்கு அழுவாச்சியா வந்துச்சு. மொத மொதச் சொந்த வீடு. ஒறம்பரையெல்லாம் நாங்க ஏமாந்துட்டோம்னு பேசிக்கிட்டே பலகாரம் திங்கறாங்க.

மறுநாள் கருப்பணனைக் கூட்டிக்கிட்டுப் பூபதி வீட்டுக்குப் போனேன். எங்க வீட்டுக்காரர் வரலை. அவர் ஒரு பயந்த சுபாவம். "புதுசா வாங்கி மாட்டிக்கலாம், விடு நாயகி"ன்னார். அவர் அப்படி விட்டு விட்டுத்தான் எல்லாம் போச்சு.

சென்னியப்பன் வாசல்ல ஒரு சேரைப் போட்டு உக்காந்திருந்தார். "வாங்கம்மிணி, பால் நல்லாப் பொங்குச்சுங்களா?"ன்னார். மனுசனுக்கு எத்தனை தைரியம் பாருங்க.

"பால் பொங்குச்சுங்க. ஃபேன் எங்கீங்க?"

"ஃபேனு உள்ள இருக்குது."

"எங்க வீட்டு ஃபேனு உங்க வீட்டுக்குள்ள எதுக்குங்க இருக்குது?"

"நான் வீட்டைத்தானுங்க வித்தேன். ஃபேனு வீடாயிருமா?"

"காத்துக்கு நாங்க எங்கீங்க போறது?"

"ஜன்னலைத் தொறங்க. ஜன்னலை நான் கழட்டலையே."

கருப்பணன் தொண்டையைச் செருமிட்டு, பத்திரத்துல கதவு, நிலை, ஜன்னல், மின் இணைப்புன்னுதான் போட்டிருக்குது, ஃபேன்னு தனியாப் போடலைன்னார். கமிசன் வாங்குனப்ப இந்த வெவரம் வரலை பாத்தீங்களா.

"தாழ்ப்பாள் கதவோட சேத்தியில்லீங்களா?"ன்னு கேட்டேன்.

"கதவு மரம். தாழ்ப்பாள் இரும்பு. நான் என் கடையில பாத்துப் பாத்துச் செஞ்சது"ன்னார் பெரியவர்.

பூபதி பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "அப்பா, அதையெல்லாம் குடுத்துருங்கப்பா. இங்க எதையும் மாட்டக்கூட எடமில்லை"ன்னார். அப்பத்தான் பெரியவர் மருமக வெளிய வந்து என்கிட்ட மெதுவாச் சொல்லுச்சு. புது வீட்டுல எல்லாமே புதுசாம். பெரியவர் கழட்டிட்டு வந்தது பூராவும் சாக்குல கட்டி அவர் கட்டிலுக்கடியில கெடக்குதாம். ஒரு பல்பைக்கூட வெளிய எடுக்கலையாம். படுக்கறப்ப அந்தச் சாக்கைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பாராம்.

கேட்டுக்குங்க கண்ணு. தனக்கும் உபயோகமில்லை, அடுத்தவனுக்கும் குடுக்க மாட்டாங்க. பேராசைன்னா இதுதானுங்க, வேற என்ன?

வெறுங்கையோட வந்தேன். வீட்டுக்காரர் ஒரு பல்பும், கூடத்துக்கு ஒரு ஃபேனும் வாங்கியாந்து மாட்டுனார். தாழ்ப்பாள் வாங்க நான் விடலை. எது வாங்குனாலும் அது மட்டும் அவர்கிட்டருந்துதான் வரோணும், நம்ம மானம் அங்கதான் போச்சுன்னு சொல்லிட்டேன். நாங்க ரெண்டு பேரும் பாடிக்கிட்டேதான் இருந்தோம்.

அப்பத்தான் அந்தப் பூனை வந்துச்சு.

காத்தால கதவைத் தொறக்கறேன், படியில உக்காந்துக்கிட்டு, ஏன் இத்தனை நேரம்ங்கறாப்புலப் பாக்குது. ஊருக்கு அந்தக் கடைசியிலருந்து எப்படித்தான் வழி கண்டுபிடிச்சுதோ. நேரா உள்ள போயி அடுப்புத் திட்டுக்குக் கீழ படுத்துக்கிச்சு. தொரத்துனேன். ஜன்னல் வழியா வந்துருச்சு. சனியன் கெடக்கட்டும்னு ஒரு கிண்ணத்துல பால் ஊத்துனேன். பாசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பசிச்சுக் கத்துனா காது வலிக்குது.

பொழுதோட பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்து நிக்கறார். கையில ஒரு துணிப்பை.

"அம்மிணி, பவுனு இங்க வந்துட்டாளுங்களா?"

எனக்கு அன்னிக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்துச்சோ. படியில நின்னுக்கிட்டுச் சொன்னேன்: "பூனை வீட்டோட சேந்ததுங்க. பத்திரத்துல பூனை நீங்கலாகன்னு போடலையே."

எச்சுப் பேசுவார்னு நெனச்சேன். அவர் உள்ள எட்டிப் பாத்தார். பூனை எந்திரிச்சு வந்து அவர் காலை ஒரு ஒரசு ஒரசிட்டு, மறுபடியும் உள்ள போயிப் படுத்துக்கிச்சு.

"என்ன செய்யோணுங்கறீங்க?"ன்னார்.

"தாழ்ப்பாளைக் கொண்டாங்க. பூனையைக் கொண்டு போங்க."

மறுநாளே வந்துட்டாருங்க. தாழ்ப்பாள், திருப்புளி, ஆணி எல்லாம் அவரே கொண்டாந்து, கீழ உக்காந்து மாட்டுனார். மாட்டி முடிச்சுட்டுத் தாழ்ப்பாளை இழுத்து விட்டு, இழுத்து விட்டுப் பாத்தார். பூனையைப் பையில போட்டுக்கிட்டுப் போனார். எங்க வீட்டுக்காரர் அன்னிக்குப் பாட்டில்லாம பாத்ரூம் போயிட்டு வந்து, "வெறிச்சோன்னு இருக்குது"ன்னார்.

மறுநாக் காத்தால பூனை படியில.

பொழுதோட பெரியவர். "வந்துட்டாளுங்களா?"

"வந்துட்டாளுங்க. காலிங் பெல் எங்கீங்க?"

இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. என் சாமர்த்தியத்தை நானே சொல்லிக்கக் கூடாது. ஆனா அத்தனையும் ஒட்டுக்காக் கேட்டிருந்தா அந்த மனுசன் குடுத்திருப்பாரா? ஒண்ணொண்ணாக் கறந்தேன். பெல்லு வந்துச்சு. துணிக்கம்பி வந்துச்சு. கொக்கி தனியா இன்னொரு நாள் வந்துச்சு, அதை நான் விடலை. கட்டையைப் பிடுங்கிட்டுக் குழாய் மாட்டுனார். ஒரு நாளைக்கு ஒரு குழாய்தான் மாட்டுவார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிரலாமுங்களே"ன்னு கேட்டா, "அவசரப்பட்டா ஒழுகும் அம்மிணி"ம்பார்.

வர்றவருக்கு ஒரு டீ குடுக்காம இருக்க முடியுங்களா? சண்டைக்காரனா இருந்தாலும் வீட்டுப்படி ஏறிட்டாருல்ல. சர்க்கரை போடாம குடிப்பார். படியில உக்காந்துக்கிட்டு, மழைக்காலத்துல எந்தச் சுவரு ஊறும், ஜன்னக்கதவு எது சிக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பார். பூனை மடியில கெடக்கும். நான் பாதி காதுலதான் கேப்பேன். ஆனா அந்தச் சுவரு அவர் சொன்ன மாதிரியே ஊறுச்சு, நான் முன்னாலயே பீரோவை நகத்தி வெச்சிருந்ததால தப்பிச்சுது.

எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார், "ஏன் நாயகி, அவர் அந்தப் பூனையைக் கட்டிப் போட்டா இப்படி தெனமும் நடக்க வேண்டியதில்லையே"ன்னு.

"கயிறு வாங்கக் காசு செலவாகுமில்ல. கஞ்சன்"னு சொன்னேன்.

அவர் என்னையே பாத்தார். அப்புறம் பேப்பர் படிக்கப் போயிட்டார். இவருக்கு மனுசங்களை எடை போடத் தெரியாதுங்க.

கண்ணாடி வந்த அன்னிக்குத்தான் ஒரு சங்கடம். முகம் பாக்கற கண்ணாடி, அடுப்படிக்குப் போற நடையில மாட்டியிருந்தது. அவர் பழைய ஆணியிலயே மாட்டிட்டார். நான் போயிப் பாக்கறேன், என் கழுத்துதான் தெரியுது. நான் கொஞ்சம் உசரமுங்க, பாக்கறீங்கல்ல. பொட்டு வெக்கோணும்னா காலை மடக்கிக் குனியோணும்.

"ஏனுங்க, இத்தனை தாழ்வாவா மாட்டறது? கொழந்தைக்கா மாட்டறீங்க?"ன்னேன்.

"எங்க வீட்ல இருந்தவ உசரம் அவ்வளவுதானுங்க"ன்னார்.

சொல்லிட்டுத் திருப்புளியை எடுத்தார். ஆணியைப் பிடுங்கி மேல அடிச்சுத் தர்றேன், நீங்க நின்னு காட்டுங்க, எங்க வேணும்னு குறிச்சுக்கறேன்னார். கண்ணாடியைக் கழட்டி நெஞ்சோட சாச்சுப் பிடிச்சுக்கிட்டார். நான் நின்னேன். அவர் பென்சிலை எடுத்தார், எடுத்த கை அப்படியே நிக்குது. சுவத்துல கண்ணாடி இருந்த எடம் மட்டும் வெள்ளையா, சதுரமா இருந்துச்சு.

"வேண்டாங்க, அங்கயே மாட்டுங்க"ன்னு சொல்லிட்டேன்.

"குனியோணுமே அம்மிணி."

"குனிஞ்சுக்கறேன். சுவத்துல இன்னொரு ஓட்டை எதுக்கு? சுவரு இப்ப என்னோடதுல்ல."

சொன்னது சரிதானுங்க? சொந்தச் சுவத்துல கண்டபடி ஓட்டை போட யாருக்கு மனசு வரும். இன்னிக்கும் குனிஞ்சுதான் பொட்டு வெக்கறேன். இடுப்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாங்க.

கடைசியா வந்தது படுக்கற ரூம் ஃபேன். அதை மாட்டிட்டு சுவிட்சைப் போட்டார். சுத்துச்சு. ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்தோம். "அவ்வளவுதானுங்க அம்மிணி. சாக்கு காலி"ன்னார். நான் ஜெயிச்சுட்டேனுங்க. ஒரு கொக்கி விடாம வாங்கியாச்சு. சந்தோசமா இருந்திருக்கோணும். என்னமோ அன்னிக்குத் தலைவலி.

அவர் பூனையைப் பையில போட்டுக்கிட்டுப் போனார். மறுநாள் பூனை வந்துச்சு. பெரியவர் வரலை.

அதுக்கு மறுநாளும் வரலை. பூனை படிக்கும் கேட்டுக்கும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. நான் கண்டுக்கலை. நிம்மதின்னு இருந்தேன். பொழுதோட டீ போட்டா அளவு தெரியாம எச்சாயிருது, அதை யாருக்குக் குடுக்கறது, கீழதான் ஊத்துனேன். வீட்டுக்காரர் ஒரு டம்ளருக்கு மேல தொடமாட்டார்.

அப்புறம் ஒரு நாள் கடைவீதியில கருப்பணனைப் பாத்தேன். அவர்தான் சொன்னார். பூபதி அப்பாவை வெளிய விடறதில்லையாம். தெனமும் வித்த வீட்டுக்கு நடந்து போறாரு, மகன் சோறு போடறதில்லையாட்ட இருக்குதுன்னு யாரோ பேசிட்டாங்களாம். பூபதிக்கு ரோசம் வந்துருச்சு. இனி அந்தப் பக்கமே போகக் கூடாது, பூனையை அவங்களே வெச்சுக்கட்டும்னு சொல்லிப்போட்டாராம். பெரியவரும் சரின்னுட்டு, வாசல்ல சேர் போட்டு உக்காந்தவர் உக்காந்தவர்தானாம். சோறு சரியா இறங்கறதில்லையாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பூனையை அவங்களே வெச்சுக்கட்டும்னா என்ன அர்த்தம்? என் தலையில கட்டறதா? நேரா பூபதி வீட்டுக்குப் போனேன். வாங்குன காய்கறிப் பை கையிலயே இருக்குது.

பெரியவர் சேர்ல இருந்தார். ஆள் ஒரு சுத்து எளைச்சிருந்தார். என்னைப் பாத்ததும் எந்திரிச்சார், உக்காந்துட்டார். பூபதி உள்ளிருந்து வந்தார்.

"பவுனை நல்லாப் பாத்துக்கறீங்களாம், கேள்விப்பட்டோம். நீங்களே வெச்சுக்குங்கக்கா"ன்னார்.

"நான் பூனையைப் பத்திப் பேச வரலைங்க. எங்க வீட்டுச் சாமான் ஒண்ணு இன்னும் வரலை"ன்னேன்.

பூபதிக்கு முகம் செவந்து போச்சு. "அப்பா, எல்லாம் குடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?"

பெரியவர் என்னைப் பாத்தார். நான் அவரைப் பாக்கலை. காய்கறிப் பையில வெண்டைக்காயை எண்ணிக்கிட்டிருந்தேன்.

"ஆமாப்பா. ஒண்ணு பாக்கி இருக்குது. மறந்துட்டேன்"ன்னார் பெரியவர்.

"அடுத்தவங்க சாமானை வெச்சுக்கிட்டு நமக்கெதுக்கு அசிங்கம்? போயிக் குடுத்துட்டு வாங்க"ன்னார் பூபதி. "இவங்க திருப்தியாகற வரைக்கும் முடிச்சுக் குடுத்துட்டே வாங்க."

"அது சட்டுனு முடியற வேலையில்லீங்க பூபதி"ன்னு சொல்லி வெச்சேன்.

மனுசன் உள்ள போயிச் சட்டையை மாட்டிக்கிட்டு, திருப்புளியை எடுத்துக்கிட்டு, எனக்கு முன்னால ரோட்டுல நிக்கறார். வீட்டுக்கு வந்து, படியேறி, பூனையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் கேட்டார்: "எது வரலைங்கம்மிணி?"

நான் அதை யோசிக்கவேயில்லீங்க. சுத்திப் பாத்தேன். எல்லாம் அதது அதனதன் எடத்துல இருக்குது. ஃபேனு சுத்துது, குழாய் சொட்டலை. என்ன சொல்றதுன்னு தெரியாம அடுப்படிக் கதவைத் தள்ளுனேன். கிரீச்சுன்னுச்சு.

"இதுங்க. இந்தக் கதவு கத்துது."

"அது நான் இருந்தப்பவே கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சுங்களே."

"அப்ப அதை மறைச்சு வித்திருக்கீங்க. நீங்கதான் சரி பண்ணோணும்."

அவர் கதவைத் தள்ளிப் பாத்தார், இழுத்துப் பாத்தார். காதை வெச்சுக் கேட்டார். எங்க வீட்டுக்காரர் மில்லுலருந்து கொண்டாந்த எண்ணெய்ல ஒரு கரண்டி குடுத்தேன். மேல் கீல்ல ஒரு சொட்டு விட்டார்.

"இன்னிக்கு மேல் கீல் மட்டும் பாக்கறேன். எண்ணெய் எறங்கோணும். கீழ் கீலு நாளைக்குத்தான்"ன்னார்.

"நாளைக்கு இதே நேரத்துக்கு வந்துருங்க. ஏமாத்தக் கூடாது"ன்னேன்.

டீ கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. அவர் படியில போயி உக்காந்தார்.

என்ன கண்ணு சிரிக்கறீங்க? விக்கறவங்ககிட்ட இப்படிக் கறாரா இருக்கோணும், இல்லீனா தலையில மொளகா அரைச்சுருவாங்க. இப்பத்தான் அடுப்படிக் கதவு முடிஞ்சிருக்குது. பழைய காலத்து வீடுங்க அது, வீடு பூராக் கதவு. ஒண்ணையும் விடப் போறதில்லை நான்.